ஒற்றைப்படை இல்லாத பதினொரு வாரம்

போன வாரம் டாக்டரம்மாவைப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்து, கைதட்டி, படமெடுத்துவிட்டு எல்லாரும் கலைந்து போனார்கள் அல்லவா? நாமும் அவர்களோடு சேர்ந்து கிளம்பிவிட்டோம். அது நம் தப்பு. கைதட்டல் ஓய்ந்த பிறகு அந்த அறை எப்படி இருந்தது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

நாம் இல்லாத நேரத்தில் கதையில் ஏழு வாரம் ஓடிவிட்டது. நாற்காலி அதேதான். அதில் உட்கார்ந்திருப்பவள்தான் கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. குழந்தைகளின் இருமல், காய்ச்சல் பற்றிய அந்த ஆராய்ச்சி பதினெட்டு வருஷமாக நடக்கிறது. வீடு வீடாக ஏறி இறங்கி விவரம் சேகரிப்பது இந்த ஊர் ஆட்கள். அதைக் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டு, கடல் தாண்டி ஒரு கட்டடத்தில் உட்கார்ந்து, இதற்கு இதுதான் அர்த்தம் என்று சொல்வது அந்த ஊர் ஆட்கள். கட்டுரை அச்சாகும்போது டாக்டரம்மாவின் பெயர் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வரும். அதுவும் எழுத்துப்பிழையோடு. பழைய தலைவர் நல்ல மனிதர். ஓய்வுபெறும் நேரத்தில் "இனிமேல் நீங்களே நடத்துங்கள்" என்று பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த ஊரில் பிறந்த ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்த அன்றிலிருந்து அவளோடு யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. சாப்பாட்டு அறைக்குள் அவள் நுழைந்தால் சிரிப்பு பாதியில் நிற்கிறது. நேற்றுவரை அவள் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவர்கள் இன்று எழுந்து நிற்கிறார்கள். கணவர் எங்கேயோ ஆற்றின் நடுவில் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவார். வெளியூரில் படிக்கும் மகன் அம்மாவின் நீளமான செய்திகளுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான்.

மிச்சம் இருப்பது தங்கை. நாற்பது வயது தாண்டியும் அக்கா வாயில் அவள் 'பொடிசு'. அதே ஆராய்ச்சியில் களப்பணியாளர். இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வந்து, செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, அக்கா போடும் டீயைக் கழுநீர் என்று திட்டிக்கொண்டே இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போவாள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் டாக்டரம்மா மனுஷியாக இருக்கும் நேரம்.

இன்று காலை ஒன்பதரைக்குக் கதவு தட்டப்பட்டது.

புள்ளிவிவரக்காரர். தட்டிவிட்டு உள்ளே வராமல் நிற்கும் ரகம்.

"மேடம், ஒரு சின்ன விஷயம்."

சின்ன விஷயம் என்று ஆரம்பிப்பவர்களை டாக்டரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். "உக்காருங்க" என்றாள்.

அவர் உட்காரவில்லை. ஒரு தாளை மேஜையில் வைத்தார். குழந்தைகளின் மூச்சு எண்ணிக்கை. நாற்பத்திரண்டு, முப்பத்தாறு, நாற்பத்தெட்டு, ஐம்பத்து நான்கு என்று வரிசையாக இறங்கியது.

"நல்லாத்தானே இருக்கு? ஒரு கட்டம்கூட விடுபடல."

"விடுபடல மேடம். அதுல ஒரு ஒற்றைப்படை எண் காட்டுங்க பாப்போம்."

டாக்டரம்மா சிரித்தாள். விடுகதை போடுகிற ஆள் இல்லையே இவர் என்று நினைத்துக்கொண்டே விரலை வைத்துக் கீழே கொண்டுவந்தாள். தாளைத் திருப்பினாள். சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எத்தனை பக்கம் இப்படி?"

"பதினொரு வாரம் மேடம். எழுநூத்திச் சொச்சம் குழந்தைங்க. ஒரு முப்பத்தொன்பது கிடையாது. ஒரு நாப்பத்தேழு கிடையாது."

விஷயம் இதுதான். இருமும் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஐம்பதைத் தொட்டால் உடனே மருந்து, ஆஸ்பத்திரி. தொடாவிட்டால் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எழுநூறு குழந்தைக்கும் இரட்டைப்படைதான் வருகிறது என்றால் யாரோ அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறார்கள். அரை நிமிடத்தில் ஒரு மூச்சைத் தவறவிட்டால் தாளில் இரண்டு குறையும். ஐம்பது, நாற்பத்தெட்டாகிவிடும்.

"யாரோட பகுதி?"

அவர் தரையைப் பார்த்தார். "ஏழாம் எண், மேடம்."

ஏழாம் எண் யார் என்று இந்தக் கட்டடத்தில் துடைப்பம் பிடிக்கிறவருக்குக்கூடத் தெரியும். டாக்டரம்மாவின் தங்கை, பொடிசு.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"இப்போதைக்கு உங்களுக்கும் எனக்கும்தான்."

"என்ன செய்யலாம்னு நினைக்கறீங்க?"

"நீங்க சொல்றதுதான் மேடம்" என்றார் அவர். சொல்லிவிட்டு, தாளை விட்டுவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இந்த மாதிரி நேரத்தில் டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நேரே எழுந்து நடைபாதைக் கடைசியில் இருக்கும் தலைவர் அறைக்குப் போய், "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பிப்பாள். கால்கள் பழக்கதோஷத்தில் எழுந்தும்விட்டன. நின்ற பிறகுதான் உறைத்தது, அவள் இருப்பதே அந்த அறைதான். மறுபடி உட்கார்ந்தாள்.

நாலு மணிக்குக் கடல் தாண்டி இருப்பவர்களோடு வாராந்திரப் பேச்சு இருக்கிறது. பழைய தலைவர் இன்னும் ஆலோசகர். பணம் போடும் நிறுவனத்தின் சார்பில் அவர்தான் கேள்வி கேட்பார். அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். சொன்னால் தங்கையின் வேலை போகும், ஏழு வார நாற்காலியும் போகலாம். சொல்லாவிட்டால் பொய்க் கணக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு தலைவி என்று கையெழுத்துப் போட வேண்டும்.

கணவரைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் ஏதோ இயந்திரம் கடகடத்தது.

"ஏம்மா, சாப்பிட்டியா?"

"மணி பத்துகூட ஆகலைங்க." நடந்ததைச் சொன்னாள்.

"குழந்தைங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"தெரியல. இனிமேதான் பாக்கணும்."

"அப்ப பொடிசக் கூப்பிட்டு நாலு திட்டு திட்டி விடு. உன் கூடப்பொறந்தவ. இதப் போயி அவங்ககிட்ட ஒப்பிக்கணுமா? இப்பதான் உன்ன உக்கார வச்சிருக்காங்க. பாத்தியா, இவங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்னு சொல்லமாட்டாங்க?"

"சொல்வாங்க."

"அப்புறம் என்ன?"

"எனக்கு பயமா இருக்குங்க."

கடகடச் சத்தம் கூடியது. "என்ன சொன்னே? கேக்கல. சரி விடு, நீ எது செஞ்சாலும் சரியாத்தான் செய்வே. கான்கிரீட் வண்டி வந்துடுச்சு, அப்புறம் பேசறேன்."

சரியாத்தான் செய்வே. ஆளாளுக்கு அவள் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்து, அவளைத் தனியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

பதினோரு மணிக்கு டாக்டரம்மா ஜீப்பை எடுக்கச் சொன்னாள். முன்னறிவிப்பு இல்லாமல் ஏழாம் எண்ணின் பகுதிக்குப் போனாள். சந்துகளுக்குள் ஜீப் நுழையாது. டிரைவர் மூலையில் நிறுத்தினார். வெளியே கிடந்த தங்கையின் செருப்பைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தாள்.

ஒற்றை அறை. தாயின் மடியில் குழந்தை. எதிரே தரையில் சம்மணமிட்டுப் பொடிசு.

"இவன் மூச்சு விடறத விட நீங்க விடற மூச்சுதான் பெரிசா இருக்கு. பயப்படாதீங்க" என்று அவள் சொல்ல, அந்தத் தாய் சிரித்தாள். சிரிப்பில் குழந்தையும் அடங்கியது. இந்தச் சாமர்த்தியம் எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாதது என்று வாசலில் நின்ற டாக்டரம்மாவுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

பொடிசு கடிகாரக் கருவியை அழுத்தினாள். அது அரை நிமிடத்தில் ஒரு தடவை கத்தும், முழு நிமிடத்தில் இரண்டு தடவை. குழந்தையின் மார்பிலிருந்து கண்ணை எடுக்காமல் உதடு மட்டும் அசைய எண்ணினாள்.

ஒரு தடவை கத்தியது. பொடிசு கருவியை அணைத்துவிட்டுத் தாளில் எழுதினாள்.

"நாப்பது. ராஜா மாதிரி இருக்கான்."

சந்துக்கு வந்த பிறகு அக்காவைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. "அட, பெரிய ஆபீஸர் தெருவுக்கெல்லாம் வர்றாங்களே! என்ன, ஜீப்புக்குக் காத்து அடிச்சுத்தரவா?"

"ஏன் முழு நிமிஷம் எண்ணல?"

"எண்ணினேனே."

"அரை நிமிஷத்துல நிறுத்திட்டே. நான் பாத்தேன்."

"ஆமா. ரெண்டால பெருக்கினா முழு நிமிஷம்தான? பெருக்கல் வாய்ப்பாடு மாறிடுச்சா?" அக்கா விளையாடுகிறாள் என்றே அவள் நினைத்தாள்.

"பயிற்சியில என்ன சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"எந்தப் பயிற்சி?"

"மூணு மாசம் முன்னால, இந்த மூச்சு எண்ற வேலை ஆரம்பிக்கறப்போ, ரெண்டு வாரம் நடந்துச்சே!"

"அதுல நான் எங்க உக்காந்தேன்? நீதான அனுப்பிட்டே. 'இவளுக்கு எதுக்கு வகுப்பு, இவ மத்தவங்களுக்கே எடுப்பா, போய் படிவத்த எல்லாம் அடுக்கு'ன்னு சொன்னே. ரெண்டு வாரம் படிவம் அடுக்கினேன். எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன். கடைசி நாள் சான்றுல நீதான் கையெழுத்து போட்டே."

டாக்டரம்மா சுவரில் கை வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு சான்றிதழ். ஒவ்வொருவரும் குழந்தையின் மூச்சை எண்ணுவதை நேரில் பார்த்தேன் என்று ஒரு வரி, அதன் கீழே அவள் கையெழுத்து. இருபத்தொரு பேரைப் பார்த்தாள். ஒருத்தியைப் பார்க்கவில்லை. தங்கைதானே.

"அரை நிமிஷம்னு யாரு உனக்குச் சொன்னது?"

"இதென்ன கேள்வி? நீதான். அந்தக் காய்ச்சல் வருஷம், ஒரு கட்டில்ல மூணு குழந்தை கிடந்துச்சே, உதவிக்குன்னு என்னக் கூட்டிட்டுப் போனியே. 'அரை நிமிஷம் எண்ணு, ரெண்டால பெருக்கு, அடுத்த கட்டிலுக்கு ஓடு'ன்னு கத்தினது நீதான். அன்னையிலேருந்து அப்படித்தான் எண்ணறேன்."

உண்மைதான். அன்று அது சரியும்கூட. சாகக் கிடக்கும் குழந்தைகளுக்கு நடுவே நிமிடத்தை மிச்சம் பிடித்தார்கள். வேறு வேலைக்கு வேறு முறை என்று பிறகு எல்லாருக்கும் சொல்லித்தந்தவள், சொந்த வீட்டு ஆளுக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டாள்.

"என்னக்கா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? நாளையிலேருந்து முழு நிமிஷம் எண்ணறேன். அவ்வளவுதான?"

"பதினொரு வாரக் கணக்கு பொடிசு. நாலு மணிக்கு அவங்ககிட்ட சொல்லப்போறேன்."

தங்கையின் முகத்திலிருந்து விளையாட்டு போயிற்று. தோள்பையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"சொன்னா என்னைய எடுத்துடுவாங்க."

"விசாரணை முடியற வரைக்கும் நிறுத்தி வைக்கணும். அதுதான் விதி."

"நீ இப்ப அக்காவா வந்தியா, ஆபீஸரா வந்தியா?"

"தெரியல."

"அதத் தெரிஞ்சுட்டு வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பொடிசு அடுத்த வீட்டுக்குக்கூடப் போகாமல் விறுவிறுவென்று நடந்தாள். டாக்டரம்மாவுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

நாலு மணிக்குத் திரையில் பழைய தலைவரின் முகம் தெரிந்தது. பக்கத்தில் புள்ளிவிவரக்காரர், பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தாள்.

பழைய தலைவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாவம், உங்களுக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது, சுமை அதிகம் என்றார். இங்கிருந்து அனுபவமுள்ள இரண்டு பேரை அனுப்புகிறேன், ஆறு மாதம் நாங்கள் நடத்துகிறோம், எல்லாம் ஒழுங்கான பிறகு நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், உங்கள் தங்கை விஷயத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றார். அத்தனை அன்பாகச் சொன்னார்.

நிஜத்தைச் சொல்லிவிடுவோம். டாக்டரம்மாவுக்கு ஆசை வந்தது. ஆகட்டும் சார் என்று ஒரு வார்த்தை போதும். தங்கையை நிறுத்தியது வேறு யாரோவாக இருக்கும். சாயங்காலம் இரண்டு பேருமாக உட்கார்ந்து, கடல் தாண்டி வந்தவர்களைத் திட்டிக்கொண்டே டீ குடிக்கலாம். ஆறு மாதம் ஒரு வருஷமாகும். பிறகு அவள் பெயர் ஏழாவது இடத்துக்குப் போய்விடும், அங்கே அவள் எல்லாரோடும் சிரித்துப் பேசலாம்.

"வேணாம் சார்" என்றாள். "எங்க தப்பு. நாங்களே சரி பண்றோம்."

எப்படி என்று அவர் கேட்டார். எழுநூறு எண்ணையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னாள். எல்லைக்குக் கொஞ்சம் கீழே எழுதப்பட்ட குழந்தைகளை இந்த வாரமே நேரில் போய்ப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு பேரையும் மறுபடி எண்ணச் சொல்லி, தானல்லாத இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஏழாம் எண்ணை இன்றே நிறுத்துகிறேன், விசாரிப்பவர்கள் இந்த ஊர்க்காரர்களாகவும் எனக்கு உறவோ நட்போ இல்லாதவர்களாகவும் இருக்கட்டும் என்றாள்.

"காரணம்னு எழுதற இடத்துல என் பேரு இருக்கும் சார். பாக்காம சான்று குடுத்தது நான்."

அப்படியானால் நீங்கள் தலைமையில் தொடரலாமா என்பதையும் பணம் போடும் நிறுவனத்தின் குழு வியாழக்கிழமை பேச வேண்டியிருக்கும் என்றார் அவர்.

"பேசட்டும் சார்."

திரை அணைந்தது. "நல்லாச் சொன்னீங்க மேடம்" என்றார் புள்ளிவிவரக்காரர். உடனே கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ஐந்தரைக்குக் கட்டடம் காலியாகிவிட்டது. பொடிசு வந்தாள். அழுது முகம் கழுவியது தெரிந்தது. தோள்பை, கடிகாரக் கருவி, அடையாள அட்டை, மிச்சப் படிவங்கள், ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள்.

"பொருள் அறைக்காரர் போயிட்டாரு. நீயே வாங்கிக்கோ. வாங்கினேன்னு எழுதிக் குடு."

டாக்டரம்மா எழுதினாள். சொந்தத் தங்கைக்கு ரசீது எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போனது.

"பொடிசு, தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

"வர்ற வழியில புள்ளிவிவரக்காரர் சொன்னாரு. மத்தியானம் உன் விதிப் புத்தகத்த முழுசாப் படிச்சேன். இன்னைக்குத்தான் முதல் தடவை. முழு நிமிஷம்னு பெரிசாப் போட்டிருக்கு. படிக்காதது என் தப்பு. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி வச்சுக்கலாம்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பையின் பக்கத்து அறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். "இந்த வீட்டுக்கு மட்டும் வேற யாரையும் அனுப்பாத. நீயே போ. எட்டு மாசக் குழந்தை. நாப்பத்தெட்டுன்னு எழுதினேன். அப்பவே எனக்கு மனசு ஒப்பல. அப்புறம் ரெண்டு தடவை போனேன், பூட்டியிருந்துச்சு. ஊருக்குப் போயிருக்காங்கன்னாங்க."

"எந்தச் சந்து இது? சரி, அப்புறம் சொல்லு. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வா, உக்காந்து பேசலாம்."

பொடிசு அக்காவையே பார்த்தாள்.

"பதினாலாம் பக்கம். விசாரிக்கப்படறவரும் தலைவரும், முடியற வரைக்கும் தனியாப் பேசக்கூடாது. ஆபீஸ்லயும் சரி, வெளியிலயும் சரி. நீ எழுதினதுதான்."

ரசீதை மடித்து எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போய் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, விதி ஞாபகம் வந்தவள் போல, பேசாமல் போய்விட்டாள்.

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போவது நின்ற பிறகு டாக்டரம்மா அழுதாள். யாரும் இல்லாததால் வாய்விட்டே அழுதாள். பிறகு சீட்டை எடுத்தாள். அதில் ஒரு குழந்தையின் வயது, தண்ணீர்த் தொட்டி, மூன்றாவது திருப்பம், அவ்வளவுதான். எந்தத் தண்ணீர்த் தொட்டி? போனை எடுத்துத் தங்கையின் பெயர்வரை போன விரல் அங்கேயே நின்றது. போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

டிரைவர் போய்விட்டிருந்தார். ஆட்டோ பிடித்துச் சந்து முனையில் இறங்கி வழி கேட்டுக்கொண்டே நடந்தாள். பதினெட்டு வருஷமாக இந்தத் தெருக்களின் எண்களை அவள் படித்திருக்கிறாள். எந்தத் திருப்பம் எங்கே போகிறது என்பது தெரியவில்லை. முதல் தொட்டி அது இல்லை. இரண்டாவது தொட்டிக்குப் பின்னால் மூன்றாவது திருப்பத்தில், எட்டு மாசக் குழந்தை என்றதும் ஒரு பாட்டி காட்டிய கடைசி வீட்டில் பூட்டு இல்லை. வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்தது.

தட்டினாள்.

"யாரு?" பெண் குரல். பின்னால் ஒரு குழந்தை இருமியது. ஈரமான, ஆழமான இருமல்.

டாக்டர் என்று சொல்லலாம். தலைவி என்றும் இன்னும் வியாழக்கிழமைவரை சொல்லலாம். இந்தத் தெருவில் அந்த இரண்டும் யாருக்கும் தெரியாது.

"மூச்சு எண்ண ஒரு அக்கா வருவாங்களே... நான் அவங்களோட அக்கா."

கதவிடுக்கு வெளிச்சத்தை ஒரு நிழல் வந்து மறைத்தது.

"அவங்க வரலையா?" என்று கேட்டது குரல். கதவு திறக்கவில்லை.